மலை ஏறும் மாணவரும் மலையிலிருந்து வந்த மடலும்

1967-ஆம் ஆண்டு மே மாதம் இத்தாலி நாட்டின் ஃபுளோரன்சு நகரில் சிறு நூல் ஒன்று வெளிவந்தது. 'ஓர் ஆசிரியைக்கு மடல்' என்பது அதன் பெயர். எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பார்பியானா பள்ளி' என்று மட்டுமே அச்சாகியிருந்தது. அதனை எழுதியவர்கள் எட்டு மாணவர்கள். மலைச்சரிவில் வாழ்ந்த ஏழை உழவர் குடும்பங்களின் பிள்ளைகள். தங்களைத் தேர்வில் தோல்வியுறச் செய்து வீட்டுக்கு அனுப்பிய ஆசிரியையை விளித்து அவர்கள் தொடுத்த வழக்கே இந்நூல். 1970-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த பின் உலகின் பல மொழிகளுக்கும் அது பரவியது. தமிழிலும் படிக்கக் கிடைக்கிறது.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்ட ஒரு நூலை இன்று எடுத்துப் பேசுவானேன் என்று வாசகர் வினவக்கூடும். காரணம் உண்டு. வசதி படைத்த நாடுகளில் பள்ளிப்படிப்பை முடிக்கும் பதின்பருவத்தினர், கடல் கடந்து சென்று ஏதேனும் ஒரு மலைக்கிராமப் பள்ளியில் சில வாரங்கள் தொண்டு செய்து திரும்புவது இன்று பெருவழக்காகிவிட்டது. நேபாளத்தின் மலைகளுக்கும் பெரு நாட்டின் ஆண்டிசு மலைகளுக்கும் அவர்கள் செல்கிறார்கள். நம் நாட்டு மலைகளுக்கும் வருகிறார்கள். நம்மவரும் இதற்கு விலக்கில்லை. ஆவடி, அம்பத்தூர், திருநின்றவூர் பகுதிகளின் பங்கு இளைஞர் குழுக்களும் கல்லூரி மாணவரும் கோடை விடுமுறையில் மலையூர்களுக்கு முகாம் செல்ல விரும்புகிறார்கள். பெற்றோரும் மகிழ்ந்து அனுப்பிவைக்கிறார்கள். இந்த நல்லெண்ணத்தை எவரும் பழிக்க இயலாது. ஆனால் அதனை உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் தேவை. பார்பியானா மடல் அத்தகைய உரைகல் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பதினெட்டு வயதினரின் பயணம்

இளைஞரை அயல்நாட்டுக்குத் தொண்டாற்ற அனுப்பும் வழக்கத்திற்குப் பெரும் உந்துதல் தந்தவர் அலெக் டிக்சன் என்னும் ஆங்கிலேயர். 1958-இல் அவர் தொடங்கிய அமைப்பு, பள்ளியை முடித்துப் பல்கலைக்கழகத்தில் சேரும் முன் காத்திருந்த பதினெட்டு வயதினரைச் சரவாக் முதலிய தொலைநிலங்களுக்கு அனுப்பியது. இளைஞருக்கு அறைகூவல் விடுத்து அவ்வாண்டு 'சண்டே டைம்சு' இதழில் மடல் எழுதியவர் போர்ட்சுமத் நகரின் ஆங்கிலிக்கன் ஆயர். அந்த அமைப்பே பின்னாளில் தன் வழியை மாற்றிக்கொண்டது என்பது கருதத்தக்கது. பள்ளியை விட்டு அப்போதுதான் வெளிவந்த பிள்ளைகளுக்குப் பதிலாகப் பட்டதாரிகளையும், பின்னர்ப் பயிற்சி பெற்ற ஆசிரியர், மருத்துவர் போன்றோரையும் அது அனுப்பலாயிற்று. ஒரு தொழிலைக் கற்றுத் தேர்ந்தவரே அதனைப் பிறர்க்குக் கற்பிக்க இயலும் என்ற எளிய உண்மையை அனுபவம் உணர்த்தியது எனலாம்.

இதனினும் கூரிய எதிர்ப்பு திருச்சபைக்குள்ளிருந்தே எழுந்தது. மெக்சிகோவின் சிற்றூர்களில் கோடைத்தொண்டு செய்யப் புறப்பட்டுக்கொண்டிருந்த அமெரிக்க மாணவர் கூட்டத்தில், 1968 ஏப்ரல் மாதம் இவான் இல்லிச் உரையாற்றினார். வியன்னாவில் 1926-இல் பிறந்த அவர் அப்போது குருவானவராக இருந்தார். மாணவர்கள் பாராட்டை எதிர்பார்த்திருக்கக் கூடும். அவர் கொடுத்ததோ கண்டனம். மொழி தெரியாமல், மக்களின் வாழ்வு தெரியாமல், அழைப்பும் இல்லாமல் செல்கிறவர், தம்மை அறியாமலேயே தம் நாட்டின் வாழ்க்கைமுறையை விற்கும் முகவராகிவிடுகிறார் என்றார். விருந்தினராக, மாணவராக வருவதை அவர் வரவேற்றார். உதவுபவராக வருவதை மறுத்தார்.

இல்லிச் சொன்னது மிகை என்று அன்று பலர் கருதியிருக்கலாம். பின்னர் நடந்தவை அவர் பக்கம் சாய்கின்றன. இத்தகைய தொண்டு இன்று கட்டணம் வாங்கி நடத்தப்படும் ஒரு வணிகமாகவும் ஆகிவிட்டது. நேபாளத்தில், அயல்நாட்டுத் தன்னார்வலர் கொண்டுவரும் பணத்தைக் குறிவைத்து, பெற்றோர் உயிரோடிருக்கும் பிள்ளைகளையே அநாதை இல்லங்களில் சேர்த்த கொடுமையை யூனிசெஃப் போன்ற அமைப்புகள் கண்டித்துள்ளன. கொடுப்பவரின் மனநிறைவுக்காகப் பெறுபவர் உண்டாக்கப்படும் நிலை இது.

ஆயினும் இல்லிச்சின் உரையில் ஒரு குறை உண்டு. யாரும் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மலைமேல் இருக்கும் பிள்ளை தனியே விடப்படுகிறது. அவரும் மெக்சிகோவுக்கு வெளியிலிருந்து வந்தவரே. போவதா, வேண்டாமா என்ற வினாவோடு அவர் நிறுத்திக்கொண்டார். எப்படிப் போவது, யாராகப் போவது என்ற வினாவுக்கு விடை தேடினால் பார்பியானாவுக்குத்தான் செல்ல வேண்டும்.

மலைமேல் ஒரு பள்ளி

லொரென்சோ மிலானி 1923-இல் ஃபுளோரன்சில் செல்வமும் கல்வியும் நிறைந்த குடும்பத்தில் பிறந்தார். அவருடைய அன்னை யூத மரபினர். இளமையில் மனமாற்றம் பெற்று 1947-இல் குருவானார். தொழிலாளர் வாழும் ஒரு பங்கில் உதவிக்குருவாக இருந்து மாலைப்பள்ளி நடத்தினார். அவருடைய நேர்ப்பேச்சு பலருக்கு உவப்பாக இல்லை. 1954 டிசம்பரில், சாலையோ மின்விளக்கோ இல்லாத பார்பியானா என்னும் மலைப்பங்குக்கு அவர் அனுப்பப்பட்டார். ஓர் அறிவாளியை மறக்கடிக்க இதனினும் தகுந்த இடம் இல்லை.

அங்கே சென்றதும் அவர் செய்த முதற் செயல்களுள் ஒன்று, ஊர்க் கல்லறையில் தமக்கென ஓர் இடம் வாங்கியது. இச்செய்தியைச் சிலர் துறவு மனத்தின் அடையாளமாகப் போற்றுவர். நமக்கு அது வேறொன்றையும் சொல்கிறது. 'நான் திரும்பிப் போவதற்காக வரவில்லை' என்று அம்மக்களுக்கு அவர் தந்த உறுதிமொழி அது. 1967 ஜூன் 26-இல், 44-ஆம் வயதில், மடல் வெளிவந்த சில வாரங்களில் அவர் நோயால் இறந்தார். அந்தக் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். பன்னிரண்டரை ஆண்டுகள் ஒரே மலை, ஒரே பள்ளி. ஆறு வாரத் தொண்டர்களுக்கும் மிலானிக்கும் உள்ள வேறுபாட்டை இந்த எண்களே கூறிவிடும்.

அப்பள்ளி நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் நடந்தது, விடுமுறை இல்லை. அதனினும் வியப்பு, மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பித்தது. தேர்வில் தோற்று வந்த பிள்ளை அடுத்த ஆண்டு தானே ஆசிரியனாக நின்றான். அவனைவிடத் தாழ்ந்தவர் யாரும் அங்கே இல்லை. ஆகவே கற்பித்தல் என்பது கொடையாகத் தோன்றவில்லை, கடனாகத் தோன்றியது. மலையைப் பார்க்க வந்த விருந்தினரும் தப்பவில்லை. மாணவர்கள் அவர்களைச் சூழ்ந்து அமர்ந்து அவர்தம் தொழில், ஊதியம், கொள்கை யாவற்றையும் துருவித் துருவிக் கேட்டார்கள். வந்தவர் கற்பிக்க வந்திருக்கலாம்; ஆனால் கேள்வி கேட்கும் உரிமை மலையின் பக்கம் இருந்தது.

நம் பொருளுக்கு மிக நெருங்கிய செய்தி இனிமேல்தான் வருகிறது. பதின்பருவ மாணவரை மிலானி அயல்நாடுகளுக்கு அனுப்பினார். இங்கிலாந்து, பிரான்சு, ஜெர்மனி என்று சென்ற உழவர் பிள்ளைகள், அங்கே உடலுழைப்பு வேலை செய்து வயிற்றைக் கழுவிக்கொண்டே மொழி கற்றார்கள். தாம் கண்டதைப் பள்ளிக்கு மடலாக எழுதினார்கள். பிற நாட்டு இளைஞர் மலைக்கு வருவதே உலக வழக்கம். பார்பியானாவில் மலையின் இளைஞர் உலகைக் காண இறங்கினர். பயணம் என்பது வசதி உள்ளவரின் உரிமை என்னும் எண்ணத்தை இதைவிட அமைதியாக உடைத்தவர் அரியர்.

மடலின் சிறப்பும் குறையும்

இனி நூலுக்கு வருவோம். மடலில் இரண்டு பிள்ளைகள் நம் கண்முன் நிற்கிறார்கள். ஒருவன் உழவர் வீட்டு ஜான்னி; மற்றவன் மருத்துவர் மகன் பியெரினோ. வீட்டிலேயே எழுத்தறிந்து வந்த பியெரினோவைப் பள்ளி தூக்கிக் கொண்டாடுகிறது. பள்ளி எவனுக்காக ஏற்பட்டதோ அந்த ஜான்னியை வெளியே தள்ளுகிறது. இந்த அநீதியை மாணவர்கள் கண்ணீரால் அன்றிக் கணக்கால் காட்டுகிறார்கள். எந்தத் தொழில் செய்வோரின் பிள்ளைகள் எந்த வகுப்பில் எத்தனை பேர் வீழ்ந்தனர் என்று அட்டவணைகள் போட்டு அவர்கள் நிறுவிய முறைக்கு, இத்தாலிய இயற்பியல் கழகம் பரிசு வழங்கியது. தேர்வில் தோற்றவர் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளின் கணக்குக்கு இயற்பியலாளர் பரிசு! இதனினும் சிறந்த மறுமொழி அந்த ஆசிரியைக்கு வேறு எது இருக்க முடியும்?

அவர்கள் வேண்டுவன மூன்று: பிள்ளைகளைத் தோல்வியுறச் செய்யாதீர், பின்தங்கியவர்க்கு முழுநாளும் பள்ளி நடத்துங்கள், மடியர்க்கு வாழ்வின் நோக்கம் ஒன்றைக் காட்டுங்கள். முதல் வேண்டுகோள் நம் நாட்டிலும் உயிருள்ள வழக்கு. 2009-இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை எவரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. 2019-இல் வந்த திருத்தம் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் நிறுத்திவைக்க வழி திறந்தது. அவ்வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று தமிழக அரசு 2019-இல் அறிவித்து, எதிர்ப்பு எழுந்தபின் 2020 பிப்ரவரியில் அதனைத் திரும்பப் பெற்றது. அன்றைய விவாதங்களில் கேட்ட பல குரல்களுக்குப் பார்பியானா முன்னரே விடை எழுதி வைத்திருந்தது.

மடல் எழுதப்பட்ட முறையும் சொல்லத்தக்கது. ஒவ்வொருவரும் தோன்றியதைத் துண்டுத்தாள்களில் குறித்தனர். அவற்றை மேசைமேல் பரப்பி, ஒத்தவற்றைச் சேர்த்து, வரிசைப்படுத்தி, பின் ஒரு சொல் மிகையாக இருந்தாலும் வெட்டினர். யார் எழுதிய வரி எது என்று பிரித்துக் கூற இயலாது. கூட்டாக எழுதும் இம்முறை, மரியோ லோதி என்னும் ஆசிரியர் நடத்திய வேறொரு சிற்றூர்ப் பள்ளியோடு கொண்ட மடல் தொடர்பால் வளர்ந்தது. நடை சுருக்கமானது, வெட்டரிவாள்போல் விழுவது. அலங்காரம் தேடுவோர் ஏமாறுவர்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஆசிரியைக்கு வாதாட இடமே தரப்படவில்லை. அறுபது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு பாடத்திட்டத்தை முடிக்க ஓடும் நம் ஆசிரியர் ஒருவர் இதனைப் படித்தால், தம் மீது கல்லெறிவதாகவே உணர்வார். அந்த வருத்தம் நியாயமானது. எட்டுக் கைகள் எழுதினாலும் மிலானியின் குரல் மேலோங்கி ஒலிக்கிறது என்ற ஐயமும் அறிஞரிடையே உண்டு. மற்றொரு குறையும் உண்டு. மலைப்பெண்ணின் மடல் இன்னும் எழுதப்படாமலே இருக்கிறது. விடுமுறையின்றிப் பன்னிரண்டு மணி நேரம் என்பது எல்லாப் பிள்ளைக்கும் ஏற்ற வழியும் அன்று. எனினும் இக்குறைகளால் மடலின் அடிப்படைக் கேள்வி தேய்ந்துவிடவில்லை: பள்ளி யாரை இழந்துகொண்டிருக்கிறது, அந்த இழப்புக்கு யார் கணக்குச் சொல்வது?

திருச்சபையும் இந்த மலைக்கு வந்து சேரக் காலம் பிடித்தது. மிலானி 1958-இல் வெளியிட்ட மேய்ப்புப்பணி அனுபவ நூலைப் புழக்கத்திலிருந்து நீக்க உரோமை பணித்தது. 2017 ஜூன் 20-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிசு பார்பியானாவுக்குச் சென்று அவருடைய கல்லறையில் செபித்தார்.

நம் பக்கத்து மலை

இத்தாலியக் கதை நமக்கு எதற்கு என்போர்க்கு, திருநின்றவூர் இரயில் நிலையத்தையே காட்டலாம். நம் ஊரைக் கடந்து மேற்கே செல்லும் இருப்புப்பாதை அரக்கோணம், காட்பாடி வழியாக வாணியம்பாடியை அடைகிறது. அங்கிருந்து ஆலங்காயம் சென்று மலை ஏறினால் காவலூர், அதற்கப்பால் ஜமுனாமரத்தூர், சவ்வாது மலை. காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி விண்மீன்களை நோக்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றியுள்ள மலையூர்களில் சாமை விளைவித்தும் தேன் எடுத்தும் வாழும் பழங்குடி மக்களின் பிள்ளைகள், அரசின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கிறார்கள். பெற்றோர் பலர் வேலை தேடிச் சமவெளிக்கும் பிற மாநிலங்களுக்கும் போய்விடுவதால் பிள்ளைகளின் படிப்பு அறுபடுவது அங்கே புதிதன்று. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் ஆந்திரத்தின் சேசாசலம் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றதாகக் கூறப்பட்டு ஆந்திரக் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழருள் சவ்வாது மலைப் பகுதியினரும் இருந்தனர். இந்த மலைக்கு நம் இளைஞர் வண்ணப் பென்சில்களோடும் ஆங்கிலப் பாட்டுகளோடும் ஏறினால், அந்தப் பிள்ளைகளின் உண்மையான கேள்வி அவர்கள் காதில் விழுமா?

இந்த ஐயம் நம் மண்ணிலேயே முன்னர் எழுந்திருக்கிறது. 1924-இல் தொடங்கிய அனைத்திந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் பேரவை, 1970-இல் நம் அண்மையிலுள்ள பூந்தமல்லியில் கூடியபோது வெளியிட்ட அறிக்கை குறிப்பிடத்தக்கது. சமூகத்தின் அநீதியை ஏற்றுக்கொண்டு அதன்மேல் தொண்டு என்னும் பூச்சுப் பூசுவதோடு நிறைவடைய மாணவர்கள் மறுத்தார்கள். அச்சமூகத்தையே கேள்விக்குள்ளாக்கத் துணிந்தார்கள். 1967-இல் பார்பியானா, 1968-இல் இல்லிச், 1970-இல் பூந்தமல்லி. மூன்று இடங்களிலும் கேட்டது ஒரே வினா.

இதற்கு நம் ஊர் தரும் பழைய விளக்கம் ஒன்றும் உண்டு. திருநின்றவூர்ப் பூசலார் பொருளின்றி மனத்துள்ளே கோயில் கட்டிய வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகிறது. பூசலாரின் அன்பைப் போற்றுவோர், காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ மன்னனை எளிதில் மறந்துவிடுகின்றனர். தன் கோயிலுக்குக் குடமுழுக்கு நாள் குறித்திருந்த அம்மன்னன், அதே நாளில் திருநின்றவூரில் வேறொரு கோயிலுக்கு விழா என்று கனவில் அறிந்து இவ்வூருக்கு வருகிறான். வந்தவன் தன் கோயிலின் சிறப்பைப் பேசவில்லை. இங்குள்ள கோயில் எது என்று கேட்கிறான். பூசலாரைக் கண்டு விழுந்து வணங்குகிறான். கொடுக்க வல்லவன் ஒருவன் சிற்றூருக்கு வர வேண்டிய முறை இது. தனக்கு முன்னரே அங்கே ஒன்று கட்டப்பட்டிருக்கிறது என்று அவன் நம்பி வந்தான்.

நற்செய்தியிலும் பதின்பருவத்தின் வாயிலில் நிற்கும் ஒரு பிள்ளையைக் காண்கிறோம். பன்னிரண்டு வயது இயேசுவை எருசலேம் ஆலயத்தில் போதகராக லூக்கா காட்டவில்லை. போதகர் நடுவே அமர்ந்து, செவிமடுத்து, கேள்விகள் எழுப்பும் மாணவராகவே காட்டுகிறார். பதின்பருவத்துக்கு ஏற்ற அறப்பணி எது என்று தேடுவோர்க்கு அந்த ஓவியம் போதும்.

ஆகவே மலைக்குப் போகும் இளைஞரைத் தடுக்க வேண்டாம். ஆனால் முகாமின் நிகழ்ச்சி நிரலை மலைப்பள்ளியின் ஆசிரியர் எழுதட்டும். முதல் நாள், மலைப்பிள்ளைகள் வந்தவர்களைச் சுற்றி அமர்ந்து கேள்வி கேட்கட்டும். ஆண்டுக்கொரு புதிய மலையைத் தேடாமல், ஒரே பள்ளிக்கு ஒரு பங்கு பத்தாண்டுகள் தொடர்ந்து செல்லட்டும். பதினாறு வயதில் போனவர் இருபத்தாறிலும் அங்கே அறிமுகமானவராக இருக்கட்டும். மலைப்பிள்ளைகள் இறங்கி வந்து நம் வீடுகளில் தங்கிப் படிக்கும் கோடை ஒன்றும் வரட்டும். பாதி வழி மட்டும் திறந்த பாதையை நட்பு என்று சொல்வதற்கில்லை.

இன்னொன்று, இதுவே மிகக் கடினம். போய் வந்தவர் வீட்டருகில் எதைப் பார்க்கிறார் என்பதே போனதன் பயனைக் காட்டும். நம் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் குடும்பங்கள் வருகின்றன. அறுவடை முடிந்து வந்து, மழைக்கு முன் திரும்புகின்றன. பள்ளியாண்டின் நடுவில் ஊரை விட்டு வந்த பிள்ளைக்கு இங்குள்ள மொழி அயல்மொழி. இந்த ஊரே அயல்நாடு. கடல் கடந்தும் மலை ஏறியும் தேடும் பள்ளி, சூளையின் புகைக்கடியில் சைக்கிள் தொலைவில் காத்திருக்கிறது. அங்கே போவதற்குப் பயணச்சீட்டு வேண்டாம், சான்றிதழும் கிடைக்காது.

பார்பியானா மடலை நம் பங்கு இளைஞர் குழுக்கள் ஒரு தவக்காலம் முழுவதும் வாரம் ஒரு பகுதியாக உரக்க வாசித்து விவாதிக்கலாம். குழுவில் உள்ள ஆசிரியர்களையும் அழைத்து, அவர்கள் தரப்பையும் கேட்கலாம். மடல் அவர்களுக்குத் தராத இடத்தை நாம் தருவோம். அதன்பின் எந்த மலைக்குப் போவது என்று முடிவு செய்யட்டும். வாசித்து முடித்தபின் அவர்கள் முதலில் போகும் இடம் சவ்வாது மலையா, சூளையா என்பதை நாம் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.